மாலை ஆறு மணிக்கும் உறுத்தாத லென்ஸ் எது?

கேள்வி: எனக்கு வயது 26. தணிக்கை அலுவலகத்தில் வேலை. நாள் முழுவதும் கம்ப்யூட்டர். தலைக்கு நேர் மேலே ஏ.சி. கண்ணாடி பவர் வலது கண்ணில் மைனஸ் 6.00, இடது கண்ணில் மைனஸ் 5.25, இடது கண்ணில் மட்டும் சிலிண்டர் மைனஸ் 0.75. இரண்டு ஆண்டுகளாக, மாதம் ஒரு முறை மாற்றும் காண்டாக்ட் லென்ஸ் (மாத லென்ஸ்) அணிகிறேன். கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரையே கொடுத்து ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறேன். காலையில் லென்ஸ் போட்டிருப்பதே தெரியாது. நான்கு மணிக்கு மேல் கண் காந்தத் தொடங்கும். ஆறு மணிக்கு லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். பார்வை மங்கும், இமைத்தால் தெளியும். நீர்ச்சத்து அதிகமுள்ள லென்ஸ் நல்லது என்று தோழி சொன்னதால் மாற்றிப் பார்த்தேன், முன்பைவிட மோசம். இப்போது அன்றன்று போட்டு எறிந்துவிடும் ஒருநாள் லென்ஸுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். எந்த பிராண்டு மிகவும் சௌகரியமானது? ஒரு ஜோடியை இரண்டு நாள் போட்டால் தவறா? வாரத்தில் மூன்று, நான்கு நாள்தான் லென்ஸ் அணிகிறேன். தும்மலுக்காகத் தினமும் ஓர் அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியவை நீங்கள் குறித்திருக்கும் நேரங்கள்தான். ‘லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் சொல்கிறவர்களுக்கு வழி சொல்வது கடினம். போட்ட கணமே உறுத்தினால் லென்ஸ் புரண்டிருக்கும், அல்லது விளிம்பு கிழிந்திருக்கும், அல்லது விரலில் இருந்த தூசியோ கிரீமோ அதோடு உள்ளே போயிருக்கும். போட்டதும் எரிந்து, சில நிமிடங்களில் அடங்கினால் லென்ஸ் கழுவி ஊறவைக்கும் கரைசலைச் சந்தேகிப்பேன். உங்களுக்கு வருவது மாலைத் தொல்லை. அதற்கு பிராண்டைத் தேடும் முன், இரண்டு கேள்விகளுக்கு நீங்களே விடை கண்டுபிடித்தாக வேண்டும்.

புது ஜோடியைப் பிரித்துப் போட்ட முதல் நாள், மாலை ஆறு மணிக்குக் கண் எப்படி இருந்தது? முதல் வாரம் சுகமாகக் கழிந்து, மூன்றாவது வாரத்திலிருந்துதான் தொல்லை என்றால், லென்ஸில் சேரும் படிவுதான் காரணம். கண்ணீரில் இருக்கும் புரதமும் கொழுப்பும் நாள்தோறும் லென்ஸின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் முழுதாகப் போகாது. அப்படியானால் ஒருநாள் லென்ஸுக்கு மாறிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அன்றே தீரும். ஆனால் முதல் நாள் மாலையே காந்தியது என்றால், ஒருநாள் லென்ஸ் உங்களுக்குத் தரப்போவது முப்பது முதல் நாள்களைத்தான். மாலையும் அப்படியேதான் இருக்கும்.

அடுத்த கேள்வி: லென்ஸைக் கழற்றிவிட்டால் கண் ஆறுகிறதா? கண்ணீர்ப்படலத்தையும் கண்ணின் மேற்பரப்பையும் ஆராயும் டி.எஃப்.ஓ.எஸ். என்ற சர்வதேச அமைப்பு, லென்ஸ் அசௌகரியம் பற்றி 2013இல் ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. லென்ஸும் கண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வரும் உறுத்தலையும், ஏற்கெனவே கண்ணில் இருக்கும் உலர்வையும் அது தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிறது. கழற்றிய சிறிது நேரத்தில் சுகம் கிடைத்தால் லென்ஸை மாற்றிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. கண்ணாடி அணியும் நாள்களிலும் மாலையில் கரகரப்பு இருக்கிறதென்றால், முதலில் கவனிக்க வேண்டியது கண்ணை, லென்ஸ் பிறகு.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணின் மேலுள்ள கண்ணீர்ப்படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். நாம் அதன் நடுவே கொண்டுபோய் வைக்கும் லென்ஸின் மையக் கனமோ 0.07 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. அதாவது படலத்தைவிடப் பல மடங்கு தடிமனான ஒன்று அந்தப் படலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. லென்ஸுக்கு மேலே மிஞ்சும் படலம் மெல்லியது, சீக்கிரம் கலையும். ஒவ்வொரு இமைப்பும் அதை மறுபடி பூசிவிடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இமைக்கிறோம். இமைப்பதும் அரைகுறை, மேலிமை கீழிமையைத் தொடுவதில்லை. மேலே ஏ.சி.யின் காற்று வேறு. மங்கிய பார்வை இமைத்ததும் தெளிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மங்கல் பவர் தவறியதால் வருவதல்ல, படலம் கலைவதால் வருவது. (பவரிலும் தவறு இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.)

அந்த அலர்ஜி மாத்திரையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தும்மலை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் பல, கண்ணீர்ச் சுரப்பையும் குறைக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் லென்ஸ் அணிவதைச் சொல்லி, மாற்று வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அலர்ஜி இருப்பதால் மேலிமையைத் திருப்பிப் பார்க்காமல் உங்களுக்கு எந்த லென்ஸையும் நான் எழுதித்தர மாட்டேன். உட்புறம் வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சிறு கொப்புளங்களாகத் திட்டுத்திட்டாகப் புடைத்திருந்தால், உலகின் மிக நல்ல லென்ஸும் அந்த இமைக்கடியில் உறுத்தத்தான் செய்யும். இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகளையும் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். தெளிந்த எண்ணெய் கசிந்தால் நல்லது. கெட்டியாக, மஞ்சளாக வந்தாலோ எதுவுமே வராவிட்டாலோ, கண்ணீர் வேகமாக ஆவியாகும். இதற்கு வெதுவெதுப்பான ஒத்தடம்தான் முதல் வைத்தியம். லென்ஸைக் கழற்றிய பிறகு, மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம், தினமும். சலிப்பான வேலைதான், ஆனால் மூன்று பிராண்டு மாற்றிக் கிடைக்காத சுகம் சிலருக்கு இதிலே கிடைத்திருக்கிறது.

இனி உங்கள் தோழியின் ஆலோசனை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் அது சரியான பேச்சுதான். மென்லென்ஸ் பிறந்த கதையில் அதன் காரணம் இருக்கிறது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், செக்கோஸ்லோவாக்கிய வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகளின் கட்டுமான விளையாட்டுப் பெட்டியில் இருந்த துண்டுகளைக் கொண்டு வீட்டிலேயே ஒரு சுழல் பொறி செய்து, நீர் உறிஞ்சும் ஹைட்ரோஜெல் லென்ஸ்களை வார்த்தெடுத்தார். இந்தப் பொருளில் ஆக்சிஜன் நீரின் வழியாகத்தான் கருவிழிக்குப் போக முடியும். கருவிழிக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீர் அதிகம் என்றால் ஆக்சிஜன் அதிகம். ஆகவே நல்ல லென்ஸ். 1999இல் சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் சந்தைக்கு வந்ததோடு இந்தக் கணக்கு முடிந்துபோனது. அவற்றில் ஆக்சிஜன் சிலிகான் வழியாகவே தாராளமாகப் போகிறது. 38 சதவீதம் நீர் கொண்ட பழைய ஹைட்ரோஜெல் பாலிமேகான். அதே 38 சதவீதம் நீர் கொண்ட சிலிகான் ஹைட்ரோஜெல் செனோஃபில்கான் ஏ. பின்னது முன்னதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஆக்சிஜனை ஊடுருவ விடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீர்ச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அதோடு, நீர் நிறைந்த சாதாரண ஹைட்ரோஜெல் லென்ஸ் அந்த நீரை நாள் முழுவதும் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. ஏ.சி. காற்றில் மேற்பரப்பு உலர உலர, அது தன் நீரை இழக்கிறது. இழந்ததைக் கண்ணீரிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளப் பார்க்கிறது. ஏற்கெனவே கண்ணீர் குறைந்திருக்கும் கண்ணில் இதன் விளைவை நீங்கள் அனுபவித்துவிட்டீர்கள்.

அப்படியானால் சிலிகான் ஹைட்ரோஜெல் என்றாலே சுகமா? விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. நான் சொல்ல மாட்டேன். ஆக்சிஜன் கருவிழியின் ஆரோக்கியத்துக்கு வேண்டியது. மாலை நேரச் சுகத்தோடு நெருங்கிய தொடர்புடையது உராய்வு: நாளில் ஆயிரக்கணக்கான முறை மேலிமையின் உள்விளிம்பு லென்ஸின் மேல் ஓடுகிறது, அந்த ஓட்டம் மாலையிலும் வழுக்கலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் தலைமுறை சிலிகான் லென்ஸ்கள் சற்று விறைப்பானவை. பழைய ஹைட்ரோஜெல்லே தேவலை என்று திரும்பிப்போனவர்கள் உண்டு. இப்போதுள்ளவை மேற்பரப்பில் கவனம் செலுத்துகின்றன. டெலெஃபில்கான் ஏ என்ற பொருளில் செய்த ஒருநாள் லென்ஸின் உட்பகுதியில் 33 சதவீத நீர்தான்; மேற்பரப்பிலோ 80 சதவீதத்துக்கும் மேல். நீர் எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிவிட்டது.

உங்களைப் பொறுத்தவரை சிலிகான் ஹைட்ரோஜெல்லை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து, ஓரத்தில் தடிக்கும். பவர் கூடக் கூட ஓரமும் தடிக்கும். நிறுவனங்கள் அச்சிடும் ஆக்சிஜன் அளவு பொதுவாக மைனஸ் 3.00 லென்ஸின் மையத்தில் எடுத்தது. மைனஸ் 6.00 அருகே இருக்கும் உங்கள் கருவிழியின் ஓரங்களுக்கு அவ்வளவு கிடைக்காது.

இப்போது பவர். கண்ணாடி, கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. லென்ஸ் கண்ணின் மேலேயே உட்கார்கிறது. சிறிய பவர்களில் இது பெரிய விஷயமல்ல. மைனஸ் 4.00ஐத் தாண்டினால் கணக்கிட்டே ஆக வேண்டும். உங்கள் வலது கண்ணின் மைனஸ் 6.00, லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.60 ஆகிறது, வாங்க வேண்டியது மைனஸ் 5.50. நீங்கள் இரண்டு ஆண்டுகளாக அரை பவர் கூடுதலாகப் போட்டுக்கொண்டு, எட்டு மணி நேரம் அருகிலுள்ள திரையைப் பார்க்கிறீர்கள். அந்தக் கூடுதலைச் சமாளிக்கக் கண்ணின் உள்தசை ஓயாமல் உழைக்கிறது. இடது கண்ணில் சிலிண்டரை, அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததற்கான பவரை, சரிசெய்யாத சாதாரண லென்ஸ். அதனால் எழுத்துகளின் ஓரம் எப்போதும் லேசாகக் கலங்கியிருக்கும். சிலிண்டரையும் சரிசெய்யும் லென்ஸுக்கு டோரிக் என்று பெயர்; 0.75 என்பது ஒருநாள் டோரிக் லென்ஸ்கள் பெரும்பாலும் தொடங்கும் அளவு. எனவே இடது கண்ணுக்கு டோரிக் போட்டுப் பார்த்துவிடலாம். மாலையில் கண் களைத்துப்போவதில் ஒரு பங்கு இந்தப் பவர் தவறுகளுடையது. அதை உலர்வு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தால் பயன் இராது. கண்ணாடிச் சீட்டு வேறு, லென்ஸ் சீட்டு வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சீட்டில் பி.சி. என்று ஓர் எண்ணும், டி.ஐ.ஏ. என்று ஓர் எண்ணும் இருக்கும். முன்னது லென்ஸின் உள்வளைவு, 8.4, 8.6 என்பதுபோல, பின்னது குறுக்களவு, பெரும்பாலும் 14 மில்லிமீட்டரை ஒட்டி. ஒரு பிராண்டின் 8.6 பொருந்தினால் இன்னொரு பிராண்டின் 8.6உம் பொருந்தும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம். பொருளின் விறைப்பும் விளிம்பின் வடிவமும் மாறும்போது அதே எண் வேறு விதமாக உட்காரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: தளர்வான லென்ஸ் உடனே காட்டிக்கொடுத்துவிடும், இமைக்கும்போதெல்லாம் நழுவும். இறுக்கமான லென்ஸோ காலையில் மிகவும் சுகமாக இருக்கும். அசையாத பொருளை இமை உணர்வதில்லை. கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்து ‘இதுதான்’ என்று எடுத்து வருவது பல சமயம் இந்த லென்ஸைத்தான். மாலையில் அது ஒட்டிக்கொள்ளும், அடியில் கண்ணீர் மாறாது, வெள்ளை விழியில் கருவிழியைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரியும். ‘ஒட்டிக்கொண்டதுபோல்’ என்ற உங்கள் சொல்லைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால், இமைக்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் கால் முதல் அரை மில்லிமீட்டர் வரை வழுக்கித் திரும்ப வேண்டும். கீழிமையால் மெல்ல மேலே தள்ளினால் தடையின்றி நகர வேண்டும்.

ஆக, என் ஆலோசனை இது. சிலிகான் ஹைட்ரோஜெல்லில், வழுக்கலான மேற்பரப்புடைய ஒருநாள் லென்ஸ். வலதுக்கு மைனஸ் 5.50, இடதுக்கு டோரிக், பரிசோதித்துத் தீர்மானித்த பவரில். பெட்டி வாங்கும் முன் சோதனை லென்ஸ் கேளுங்கள். உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு இருந்தால், பரிசோதகரின் ஒப்புதலோடு வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் மற்றொன்று என்று போட்டுக்கொண்டு வழக்கம்போல் அலுவலகம் போங்கள். விடுமுறை நாளில் சோதிக்க வேண்டாம். மாலையில் எந்தக் கண்ணைத் தேய்க்கக் கை போகிறது என்று கவனியுங்கள். சில நாள் கழித்துக் கண் மாற்றியும் பாருங்கள். எந்த நிபுணரின் பரிந்துரையைவிடவும் உங்கள் கை சொல்வது நம்பகமானது. சிலிகான் இரண்டுமே ஒத்துவராவிட்டால் ஹைட்ரோஜெல் ஒருநாள் லென்ஸையும் ஒதுக்கிவிடாமல் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பவருக்கு அணியும் நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

செலவைப் பற்றிக் கேட்காவிட்டாலும், அது உங்கள் மனத்தில் இருப்பது ‘இரண்டு நாள்’ கேள்வியில் தெரிகிறது. மாத லென்ஸுக்கு முப்பது நாள் என்பது உறையைப் பிரித்த நாளிலிருந்து எண்ணுவது, போட்ட நாள்களை எண்ணுவதல்ல. வாரத்துக்கு மூன்று, நான்கு நாள் அணிகிற நீங்கள் பாதி மாதத்தை வீணாக்குகிறீர்கள். கரைசலும் டப்பாவும் வேறு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒருநாள் லென்ஸ் பயமுறுத்தும் அளவுக்குத் தூரத்தில் இராது. ஆனால் அதை இரண்டாம் நாள் போடக் கூடாது. ஒருநாள் லென்ஸ் தேய்த்துக் கழுவுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, எளிதில் கிழியும். அது மிதந்து வரும் உறையிலுள்ள உப்புநீரில் கிருமிநாசினி கிடையாது. இரவு அதிலேயே போட்டுவைத்தால் காலையில் கண்ணில் வைப்பது கிருமிகளை. குழாய்த் தண்ணீரில் போட்டுவைப்பது அதைவிட மோசம். அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் குழாய் நீரிலும் குளத்திலும் இருக்கிறது. அது கருவிழிக்குள் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையும் போகலாம். குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸைக் கழற்றச் சொல்வது இதற்காகத்தான். லென்ஸோடு தூங்குவதும் அப்படியே. சிறு தூக்கம் என்றாலும் கழற்றிவிடுங்கள்.

மெல்லிய ஒருநாள் லென்ஸுக்குப் புதிதாக மாறுகிறவர்கள் முதல் வாரத்தில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: புறமா, உள்ளா என்று தெரியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனி உலர்ந்த பிறகு லென்ஸை அதன் மேல் நிறுத்துங்கள். வெளிச்சத்துக்கு நேராகக் கண்மட்டத்தில் பிடித்து, விளிம்பை மட்டும் பாருங்கள். விளிம்பு செங்குத்தாக மேல்நோக்கி நின்றால் சரி. சாப்பாட்டுத் தட்டின் ஓரம்போல் வெளியே மடங்கி விரிந்தால் புரண்டிருக்கிறது. விரல் ஈரமாக இருந்தால் லென்ஸ் அதிலேயே படிந்துவிடும், விளிம்பு தெரியாது. ஒப்பனை செய்வதானால் லென்ஸ் முதலில், மை பிறகு. கலைக்கும்போது லென்ஸ் முதலில் வெளியே.

அலுவலகத்தில், ஏ.சி. காற்று முகத்தில் படாதபடி நாற்காலியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். பார்வை தாழ்ந்தால் இமை அதிகம் திறக்காது, ஆவியாகும் பரப்பு குறையும். சொட்டு மருந்து வேண்டுமென்றால் லென்ஸோடு பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்ட, பதனப்பொருள் சேர்க்காத ஈரச் சொட்டு மட்டும். சிவப்பை நீக்கும் சொட்டு வேண்டவே வேண்டாம்.

கண்ணில் வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், விடாத சிவப்பு, நீர் வடிதல், இமைத்தும் தெளியாத மங்கல்: இவற்றில் எது வந்தாலும் லென்ஸைக் கழற்றி, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கழற்றிய லென்ஸை எறியாமல் கொண்டுபோங்கள், கிருமியைக் கண்டுபிடிக்க உதவும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள்.

பரிசோதனைக்கு நேரம் வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். எல்லாரும் காலையில் கண் புத்துணர்ச்சியாக இருக்கும்போது வருகிறார்கள். நாங்களும் ‘எல்லாம் நன்றாக இருக்கிறதே’ என்று அனுப்பிவைக்கிறோம். நீங்கள் வேலை முடிந்து, லென்ஸைக் கழற்றாமல், மாலை ஆறு மணிக்குப் பிறகு போங்கள். இப்போது அணியும் லென்ஸின் பெட்டி, கரைசல் புட்டி, டப்பா, கண்ணாடிச் சீட்டு, அலர்ஜி மாத்திரையின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் லென்ஸோடு, அசைகிறதா, உலர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கழற்றி, சாயச் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சாயம் மென்லென்ஸில் ஏறிவிடும் என்பதால் திரும்பும்போது அதே லென்ஸைப் போட முடியாது. கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள்.